கிராபிக்குத் தனியாகப் பாறை ஏறப் போகிறவர்களுக்கு: பெங்களூரிலிருந்து ஒரு வழிகாட்டி

பெங்களூரில் பாறையேற்றம் பழகுபவர்கள் ராமநகரத்தையும் பாதாமியையும் ஓரளவு அறிந்துகொண்டதும் அடுத்ததாக எண்ணத் தொடங்கும் இடம், பெரும்பாலும் தாய்லாந்தின் கிராபி மாகாணமாகவே இருக்கிறது. அந்தமான் கடலோரத்தில் ரைலே, டோன்சாய் என்னும் இரு சிறு கடற்கரைகளில் மணலை ஒட்டியே செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் பாறைகளில், 1980களின் இறுதியிலிருந்து போல்ட் (பாறையில் பதிக்கும் உலோக ஆணி) அடித்த ஏறுபாதைகள் அமைக்கப்பட்டு வந்திருக்கின்றன. முதன்முறை கயிறு கட்டுபவருக்கான பாதையும், உலகத்தரப் போட்டியாளர்களைத் திணறவைக்கும் பாதையும் ஒரே கடற்கரையில் அருகருகே இருப்பது அந்த இடத்தின் தனிச்சிறப்பு.

உடன் வர நண்பர் கிடைக்கவில்லை, விடுமுறை ஒத்துவரவில்லை என்று இந்தப் பயணத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் நம் ஊரில் பலர். அவர்கள் தாராளமாகத் தனியாகவே புறப்படலாம். ஆனால் தனியாகப் பயணம் செய்வது வேறு, தனியாகப் பாறையில் ஏறுவது வேறு. போல்ட் பாதையில் ஏறுபவருக்குக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஒருவர், அதாவது ஒரு பிலேயர், கட்டாயம் தேவை. அந்த ஒருவர் யார், அவரை எங்கே, எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியைச் சுற்றியே தேதி, தங்குமிடம், பயிற்சி, செலவு ஆகிய எல்லாத் திட்டங்களையும் அமைக்க வேண்டும். விமானச்சீட்டிலிருந்து திட்டமிடத் தொடங்குவது தலைகீழான முறை.

புறப்படுவதற்கு முன் பெங்களூரில் கற்க வேண்டியவை

குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்குவது நல்லது. நகரின் தனியார் ஏறுகூடங்களில் பெரும்பாலானவை போல்டரிங் கூடங்கள். தாழ்வான சுவரில் கயிறின்றி ஏறி மெத்தையில் விழுவதே அங்கே நடக்கும். விரல்களுக்கும் தோள்களுக்கும் அது சிறந்த பயிற்சி என்றாலும், கயிற்றைக் கையாளும் பழக்கம் அங்கே வராது. ஆகவே கண்டீரவா விளையாட்டரங்க வளாகத்தில் உள்ளது போன்ற உயரமான செயற்கைச் சுவரிலோ, பயிற்சியாளர்களுடன் ராமநகரத்துக்குச் சென்றோ, கயிற்றோடு ஏறிப் பழக வேண்டும். ராமநகரத்தின் ராமதேவர பெட்டா கழுகுச் சரணாலயமாக இருப்பதால், அனுமதி விவரம் அறிந்த குழுவோடு செல்வதே முறை.

தனியாகப் போகிறவர் நான்கு செயல்களை யாருடைய உதவியும் இல்லாமல் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். எட்டு முடிச்சைத் தவறில்லாமல் போட்டு ஹார்னஸில் (இடுப்பிலும் தொடையிலும் அணியும் வார்) கட்டிக்கொள்வது முதலாவது. லீட் முறையில், அதாவது வழியிலுள்ள போல்ட்களில் கயிற்றை மாட்டிக்கொண்டே மேலே ஏறும் ஒருவருக்குப் பிலே செய்வது (கயிறு பிடிப்பது) இரண்டாவது. அவரைச் சீராகக் கீழிறக்குவது மூன்றாவது. நான்காவது, பாதையின் உச்சியில் கயிற்றைத் தாங்கப் பொருத்தியுள்ள ஆங்கரில் தம்மைப் பிணைத்துக்கொண்டு, கயிற்றை அவிழ்த்து வளையத்தின் வழியே கோத்து, மீண்டும் கட்டிக்கொண்டு இறங்குவது. இந்த நான்காவது செயலைத்தான் பெரும்பாலானோர் அரைகுறையாகக் கற்கிறார்கள். தரையில், இடுப்பு உயரத்தில் ஓர் ஆங்கரைப் பொருத்தி, கை தானாகச் செய்யும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பழகுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. இது கைவராதவர்கள், வழிகாட்டி மேலே கயிறு போட்டுத் தரும் டாப் ரோப் பாதைகளோடு முதல் பயணத்தை நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, ராமநகரத்தின் கருங்கல் சரிவுகள் பாதங்களின் பிடிப்பையும் நிதானத்தையும் கற்றுத்தரும். கிராபியின் சுண்ணாம்புக்கல்லோ குழிகளும் தொங்கும் கல்விழுதுகளும் வெளிப்புறம் சாய்ந்த சுவர்களும் நிறைந்தது. கைகளும் வயிற்றுத் தசைகளும் அங்கே விரைவில் களைத்துவிடும். இரவு ரயிலில் சென்று அடையக்கூடிய பாதாமியின் செம்மணற்கல் பாறைகளில் போல்ட் பாதைகள் உண்டு என்பதால், ஒரு வார இறுதியை அங்கே செலவிடுவது நல்ல ஒத்திகையாக அமையும்.

எப்போது போவது

கிராபியில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். செப்டம்பரிலும் அக்டோபரிலும் மழை மிகக் கடுமையாக இருக்கும். நவம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை ஏறுவதற்கு ஏற்ற காலம். தீபாவளி விடுமுறையோடு சேர்த்துத் திட்டமிடுவது நம்மவர்களின் வழக்கம் என்றாலும், அக்டோபரில் தீபாவளி வரும் ஆண்டுகளில் அது பொருத்தமாக இராது. பொங்கல் விடுமுறையில் வானிலை மிக நன்றாக இருக்கும். அறை வாடகையும் அதற்கேற்ப உயர்ந்திருக்கும். தனியாகச் செல்பவருக்குக் கூட்டமான மாதங்கள் ஒருவகையில் நன்மையே. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஏறுபவர்கள் வந்து தங்கியிருப்பதால் துணை கிடைப்பது எளிது. மழை மாதங்களில் மலிவாக அறை கிடைக்கும், கயிறு பிடிக்க ஆள் கிடைக்க மாட்டார். ஏப்ரலில் ஏறலாம், ஆனால் வெப்பம் சோதிக்கும்.

பயணத்துக்குக் குறைந்தது எட்டு நாட்கள் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. துணையைக் கண்டுபிடிக்கவே முதல் இரண்டு நாட்கள் போய்விடும். ஐந்து நாள் பயணத்தில் அது பெரிய இழப்பு.

பயணமும் ஆவணங்களும்

பெங்களூரிலிருந்து பாங்காக்குக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கிருந்து கிராபிக்கு இன்னொரு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். பாங்காக்கில் சுவர்ணபூமி, டோன் முவாங் என இரண்டு விமான நிலையங்கள் இருப்பதையும், இரண்டுக்கும் இடையே நகரப் போக்குவரத்தைக் கடந்து செல்ல வேண்டியிருப்பதையும் சீட்டு வாங்கும்போதே கவனிக்க வேண்டும். பெங்களூரின் போக்குவரத்து நெரிசலைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் பாங்காக் நெரிசல் ஒன்றிரண்டு பாடம் கற்பிக்கும்.

இந்தியர்களுக்கான விசா விதிகள் அண்மை ஆண்டுகளில் ஒருமுறைக்கு மேல் மாறியிருப்பதால், சீட்டு வாங்குவதற்கு முன் தாய்லாந்துத் தூதரகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 2025 மே 1 முதல், வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது, கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது போலி.

பயணக் காப்பீட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வழக்கமான பாலிசிகள் பலவும் சாகச விளையாட்டுகளை விலக்கிவைக்கின்றன. சில பாலிசிகள் சாகச விளையாட்டு என்று பொதுவாகச் சேர்த்துவிட்டு, விலக்குப் பட்டியலில் கயிற்றுடன் கூடிய மலையேற்றத்தைத் தனியே குறிப்பிடுகின்றன. முழு விதிகளையும் படித்துவிட்டு, பாறையேற்றம் அடங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ரைலேக்குச் சாலை கிடையாது. கிராபி விமான நிலையத்திலிருந்து ஆவோ நாங் என்னும் கடற்கரை ஊருக்கு வந்து, நீள்வால் படகில் ஏறித்தான் போக வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் சேர்ந்ததும் படகு புறப்படும். இருட்டிய பின் ஆட்கள் சேர மாட்டார்கள், முழுப் படகின் கட்டணத்தையும் ஒருவரே ஏற்க நேரிடும். மாலை விமானத்தில் இறங்குபவர்கள் அன்றிரவு ஆவோ நாங்கில் தங்கிவிட்டுக் காலையில் படகேறுவதே சிக்கனம்.

எங்கே தங்குவது

ரைலே மேற்கில் விலையுயர்ந்த விடுதிகள் இருக்கின்றன. ரைலே கிழக்கில் நடுத்தர விடுதிகளும் ஏறுபள்ளிகளும் இருக்கின்றன. டோன்சாயில் எளிய குடில்கள் மிகுதி. டோன்சாயின் குடில்கள் சிலவற்றில் மின்சாரம் மாலையிலும் இரவிலும் மட்டுமே கிடைக்கும், ஆகவே முன்பதிவுக்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும். வசதிக் குறைவு இருந்தாலும், தனியாகச் செல்பவருக்கு டோன்சாயையே நான் பரிந்துரைப்பேன். நீண்ட நாட்கள் தங்கி ஏறுபவர்கள் கூடும் இடம் அதுதான். அங்கே காலை உணவு மேசையிலேயே துணை அமைந்துவிடுவதுண்டு. முற்றிலும் புதியவர்கள் மட்டும், எளிய பாதைகள் நடந்துபோகும் தொலைவில் இருப்பதால், ரைலே கிழக்கில் தங்கலாம். ஆவோ நாங்கில் தங்கி நாள்தோறும் படகில் வந்துபோவது வேண்டாம்.

எதைச் சுமந்து செல்வது

ஷூ, ஹார்னஸ், தலைக்கவசம், பிலே கருவி, பூட்டுள்ள கேரபினர்கள் (உலோகக் கொக்கிகள்) மூன்று நான்கு, ஆங்கரில் பிணைத்துக்கொள்ளும் ஸ்லிங் என்னும் வார், கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பவுடர் ஆகியவற்றைச் சொந்தமாக எடுத்துச் செல்ல வேண்டும். கயிறும், அதைப் போல்ட்டோடு இணைக்கும் குவிக்டிராக்களும் அங்கே வாடகைக்குக் கிடைக்கின்றன. 60 மீட்டர் கயிறு ஏறத்தாழ நான்கு கிலோ எடை வரும் என்பதால், குறுகிய பயணத்துக்கு அதைச் சுமக்கத் தேவையில்லை. வாடகைக் கயிற்றை எடுக்கும்போது அதன் முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே ஓடவிட்டு, தட்டையான இடமோ உள்நார் தெரியும் இடமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கயிறு எத்தனை மீட்டர் என்று கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உலோகப் பொருட்களையும் சாக் பவுடரையும் செக்-இன் பெட்டியில் வைப்பது நல்லது. பெயரில்லாத பாலிதீன் பையில் வெள்ளைப் பொடியோடு தேவனஹள்ளி விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் நிற்பது யாருக்கும் இனிய அனுபவமாக இராது.

முதல் நாள் வழிகாட்டியோடு

எவ்வளவு பழகியிருந்தாலும், முதல் நாளில் ஓர் ஏறுபள்ளியின் அரைநாள் அல்லது முழுநாள் வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். பாறையின் தன்மை, போல்ட்களின் நிலை, எந்தச் சுவரில் எப்போது நிழல் என்பவற்றை அறிந்த ஒருவரோடு ஏறுவது முதல் பயன். அதே வகுப்பில் உங்களைப் போலவே தனியாக வந்தவர்களும் இருப்பார்கள் என்பது இரண்டாவது பயன். பல நல்ல கயிற்றுத் துணைகள் இப்படித்தான் அமைகின்றன. ரைலே கிழக்கில் உள்ள ஒன் டூ த்ரீ சுவரிலும் அதன் அருகில் உள்ள முவே தாய் சுவரிலும் ஐந்தாம், ஆறாம் கிரேடு (கடினத்தின் அளவு) பாதைகள் பல உள்ளன. பல்லாண்டுகளாகப் பல்லாயிரம் கால்கள் மிதித்ததால் அவற்றின் பிடிகள் பலவும் வழுவழுப்பாகிவிட்டன. உங்கள் வழக்கமான கிரேடைவிட ஒரு படி குறைவாகத் தொடங்குவது அறிவுடைமை. அங்கே பிரெஞ்சு கிரேடு முறையே வழக்கத்தில் உள்ளது.

கயிற்றின் மறுமுனைக்கு ஆள் தேடுவது

ஏறுபள்ளிகளின் வாசலிலும் டோன்சாயின் உணவகங்களிலும் கேட்டால், துணை தேடும் மற்றவர்களைக் காட்டுவார்கள். நட்பாகப் பேசுகிறார் என்பது ஒருவரின் கையில் உயிரைக் கொடுக்கப் போதிய காரணம் ஆகாது. எத்தனை காலமாக லீட் ஏறுகிறார், எந்தக் கருவியில் பிலே செய்கிறார், கடைசியாக எங்கே ஏறினார் என்று தயங்காமல் கேளுங்கள். அவர் உங்களையும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும், கேட்காதவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். பிறகு அவர் வேறொருவருக்குப் பிலே செய்வதைச் சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். கயிற்றின் தடுப்புப் பக்கத்திலிருந்து அவர் கை ஒரு நொடியேனும் விலகினால், பேச்சுக்கொடுத்துக்கொண்டே வேறெங்கோ பார்த்தால், கிரிகிரி போன்ற கருவி தானே பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் கயிற்றை விட்டால், வேறு ஆளைத் தேடுங்கள்.

முதல் பாதை இருவருக்கும் மிக எளிதானதாக, முடிந்தால் டாப் ரோப்பாக இருக்கட்டும். உங்களைவிட மிகவும் எடை குறைந்தவர் பிலே செய்தால், நீங்கள் விழும்போது அவர் மேலே இழுக்கப்பட்டு முதல் போல்ட்டில் மோதக்கூடும். எடை வேறுபாட்டைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை தரையை விட்டு எழுவதற்கு முன்பும் ஒருவருடைய முடிச்சையும் ஹார்னஸ் கொக்கியையும் பிலே கருவியையும் மற்றவர் பார்த்துத் தொட்டுச் சரிபார்ப்பதை ஒரு சடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து கத்துவது கீழே கேட்காமல் போவது இங்கே எளிதில் நடக்கும். நீள்வால் படகுகளின் எஞ்சின் இரைச்சல் வளைகுடா முழுவதும் எதிரொலிக்கும். கயிற்றை இழுத்துப் பிடி, தளர்த்து, இறக்கு என்பவற்றுக்கு என்ன சொல் என்பதையும், உச்சியை அடைந்ததும் நேராக இறக்கப்படுவதா, தாமே கயிற்றில் இறங்குவதா என்பதையும் தரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஒருவர் தம்மை இறக்குவார்கள் என்று சாய, மற்றவர் அவர் தாமே இறங்குவதாக எண்ணிக் கருவியைக் கழற்றியிருப்பதுதான் அனுபவசாலிகளிடையேயும் நேரும் விபத்து. இறக்கும்போது கயிறு தீர்ந்து, அதன் முனை பிலே கருவியைக் கடந்து ஓடிவிடுவது இன்னொன்று. கயிற்றின் கடைசி முனையில் ஒரு தடுப்பு முடிச்சுப் போட்டுவிட்டால் அது நடக்கவே வாய்ப்பில்லை. பாதையின் உயரம் கயிற்றின் பாதி நீளத்தைவிடக் குறைவா என்று வழிகாட்டிப் புத்தகத்தில் பார்த்துவிட்டே ஏறுங்கள்.

மனம் ஒப்பாத துணையை மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. குறிப்பாகத் தனியாகச் செல்லும் பெண்கள், அறை எண்ணையும் தனியாக வந்திருப்பதையும் புதியவர்களிடம் சொல்லாமல், பள்ளியின் வாசலிலோ பாறையடியிலோ சந்திப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஆள் கிடைக்காத நாளில் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள, பயணச் செலவில் இரண்டு நாள் கட்டணத்தைத் தனியே ஒதுக்கிவைப்பது பெரிய நிம்மதி. அந்தப் பணம் இல்லாதபோதுதான் அரைமனத்தோடு யாரோ ஒருவரின் கயிற்றில் ஏறிவிடுகிறோம்.

கயிறே இல்லாமல், விழுந்தால் கடலில் விழும்படி ஏறும் டீப் வாட்டர் சோலோ, துணையில்லாதவர்களுக்கென்றே அமைந்தது போலத் தோன்றும். போடா தீவுப் பக்கம் இதற்காகப் படகில் குழுவாக அழைத்துச் செல்கிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் அந்தக் குழுவோடு மட்டும் போகலாம். நீரின் ஆழத்தை அறியாமல் தனியே முயல்வது கூடாது. உயரத்திலிருந்து தவறான நிலையில் விழுந்தால் முதுகெலும்புக்குத் தண்ணீரும் கல்தான்.

போல்ட்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை

கடற்காற்றின் உப்பும் சுண்ணாம்புக்கல்லும் வெப்பமும் சேரும் இடத்தில், துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லப்படும் போல்ட்களும் உள்ளுக்குள் நுண்ணிய விரிசல் விட்டு, வெளியே நன்றாகத் தெரியும்போதே முறிந்துவிடுகின்றன. இதைப் பட்டறிந்த பின்னர், ரைலேயிலும் டோன்சாயிலும் முக்கியப் பாதைகளில் டைட்டானியம் போல்ட்களைப் பசையிட்டுப் பொருத்திவருகிறார்கள். பாறையிலிருந்து வளையமாக வெளிவரும், மங்கிய சாம்பல் நிறமுள்ள தடித்த கம்பியாக அவை தெரியும். தட்டு வடிவ ஹேங்கரும் நட்டும் கொண்ட பழைய போல்ட் உள்ள பாதையை, உள்ளூர் வழிகாட்டி உறுதி சொல்லாதவரை விட்டுவிடுங்கள். பாறைத் துளைகளில் கோத்துக் கட்டப்பட்டு வெயிலில் வெளுத்துப்போன பழைய கயிற்று வளையங்களையும் நம்பக் கூடாது.

வெயிலும் ஓதமும்

ரைலே கிழக்குச் சுவர்களில் காலையில் வெயில் அடிக்கும், பிற்பகலில் நிழல் விழும். மேற்கு நோக்கிய டோன்சாய்ச் சுவர்களில் காலையில் நிழல். காலையில் டோன்சாய், நண்பகலில் ஓய்வு, பிற்பகலில் ரைலே கிழக்கு என்று அமைத்துக்கொண்டால் பாதிக் களைப்பு குறையும். அந்தப் புழுக்கம் பெங்களூர்வாசிக்குப் பழக்கமில்லாதது. முதல் இரண்டு நாட்கள் கிரேடைப் பற்றிக் கவலைப்படாமல் உடலைப் பழக்குங்கள்.

ரைலே மேற்கிலிருந்து டோன்சாய்க்குக் கடல் வற்றும்போது பாறைகளை ஒட்டிக் கரையோரமாக நடந்தே போய்விடலாம். நீர் ஏறிவிட்டால் காட்டுவழியே மேடேறிச் சுற்ற வேண்டும், அல்லது படகு பிடிக்க வேண்டும். ரைலே கிழக்கிலோ, நீர் வற்றும்போது சேற்றுத்திட்டு வெளிப்பட்டுப் படகு கரைக்கு வராது. வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி இங்கே உதவும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றலும் மிகுதி, அஷ்டமியை ஒட்டிய நாட்களில் குறைவு. நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அன்றைய ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியல்) பார்த்துவிட்டு, மாலையில் எந்த வழியே திரும்புவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். நெற்றி விளக்கு பையில் எப்போதும் இருக்கட்டும்.

உணவு, பணம், உடல்நலம்

சைவ உணவினர், காய்கறி உணவிலும் மீன்சாறும் இறால் விழுதும் சேர்வது வழக்கம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். "ஜே" என்று கேட்டால் அவை இல்லாத உணவு கிடைக்கும். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் தாய்லாந்து நாணயத்தில் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பதால், ஒரே தடவையில் போதுமான பணம் எடுத்துக்கொள்வது மேல். ஓஆர்எஸ் பொட்டலங்கள், விரல் பிளாஸ்திரி, காயத்துக்கான மருந்து, கொசுவிரட்டி ஆகியவற்றை இங்கிருந்தே வாங்கிச் செல்லலாம். கூரிய சுண்ணாம்புக்கல் கிழித்த காயம் ஈரக்காற்றில் ஆறுவதற்கு நாளாகும் என்பதால், அதை நல்ல நீரில் கழுவி மூடிவைக்க வேண்டும். பையில் பழம் வைத்துவிட்டு ஏறினால் குரங்குகள் பையையே எடுத்துச் செல்லும். மருத்துவ அவசர உதவிக்கு 1669, சுற்றுலாக் காவல்துறைக்கு 1155. எந்தச் சுவருக்கு, யாருடன் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை விடுதியில் ஒருவரிடமும் வீட்டில் ஒருவரிடமும் நாள்தோறும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே என்பதால் வீட்டாருக்கு அதையும் விளக்கிவிடுவது நல்லது.

கடைசி முழுநாள்

புறப்படுவதற்கு முந்தைய நாளில் ஏறாதீர்கள். உப்பு படிந்த கேரபினர்களையும் பிலே கருவியையும் ஹார்னஸையும் காலையிலேயே நல்ல தண்ணீரில் அலசி, வெயில் படாத இடத்தில் உலரவிடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் அலுமினியம் பூத்துவிடும், நைலான் நாற்றமெடுக்கும். அவை உலரும் நேரத்தில், கிராபி நகரத்துக்குத் தெற்கே உள்ள க்லோங் தோம் ஊருக்குச் சென்றுவரலாம். பழங்கால மணிகள் ஏராளமாகக் கிடைத்த துறைமுகப் பகுதி அது. பொற்கொல்லர் பயன்படுத்திய உரைகல் ஒன்றில் "பெரும்பதன் கல்" என்று தமிழ்பிராமி எழுத்தில் பொறித்திருப்பது அங்கேதான் கண்டெடுக்கப்பட்டது. பொ.ஆ. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கல்வெட்டறிஞர்கள் கருதுகிறார்கள். அந்த ஊர்ப் பௌத்த விகாரையை ஒட்டி அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் விடுதியில் கேட்டு, கடைசிப் பொதுப்படகுக்கு முன் ஆவோ நாங் திரும்பும்படி வண்டி பேசிக்கொள்ளுங்கள்.